வழித்தங்கலும் வழித்துணையும்: புதுக்கோட்டைப் பெருவழிகளை முன்வைத்து

பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். திருமுருகாற்றுப்படை நீங்கலாக ஏனைய நான்கும் வள்ளலை நாடிச் செல்லும் கலைஞர்க்கு வழி கூறுவன. அவற்றைப் பாடம் சொல்லும்போது நாம் வள்ளலின் கொடையையே விரித்துப் பேசுகிறோம். வழியை அத்துணைப் பேசுவதில்லை. ஆனால் அப்பாட்டுகளின் பெரும்பகுதி வழியே. அவ்வழியில் பாணனோ பொருநனோ கூத்தனோ தனியே நடப்பதில்லை. விறலி உடன் வருகிறாள். சுற்றம் உடன் வருகிறது. வெயிலிலும் பரலிலும் நடந்து நொந்த அவள் அடிகளைப் பொருநராற்றுப்படையும் சிறுபாணாற்றுப்படையும் பரிவோடு பாடுகின்றன. வழிநடைத் துன்பம் பெண்ணின் காலடியில் அளக்கப்படுகிறது என்பது நோக்கத்தக்கது.

ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்து வழி செல்கையில் அவ்வழி அவர்களுக்கு எங்கே இடம் தந்தது? அவ்விடத்தை அமைத்தவர் யாவர்? அது எப்போது, எதனால் இல்லாமற் போயிற்று? இம்மூன்று வினாக்களையும் நம் மாவட்டத்தின் பெருவழிகளை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். மாமன்னர் போர்களும் கோயிற் கட்டடக் கலையும் நிரம்ப எழுதப்பட்டுவிட்டன. வழிப்போக்கன் தலைசாய்த்த இடத்தின் வரலாறும் வரலாறே.

கள் அரித்த கைகள்

சங்ககால வழியில் செல்வோர்க்கு உணவோடு கள்ளும் தேறலும் வழங்கப்பெற்றன. இதனைச் சொல்ல நாம் நாணவேண்டுவதில்லை. அதியமான் மறைந்தபோது ஔவையார் முதற்கண் நினைந்து அழுதது அவன் தம்மோடு பகிர்ந்துண்ட கள்ளைத்தான். பாரி மாய்ந்தபின் பறம்பை விட்டு நீங்கும் கபிலரும், சாடிகள் திறந்திருந்த விருந்து நாள்களை எண்ணியே கலங்குகிறார். அப்பறம்பு, நம் மாவட்டத்தின் தென்மேற்கே, சிவகங்கை மாவட்டத்தில் உள்ள பிரான்மலை என்பது அறிஞர் பலர் கருத்து. ஆதலின் இவ்விருந்து மரபு நமக்கு அயலானதன்று.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியிருப்பில் கள் ஆக்கும் முறையே விளக்கப்படுகிறது. தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆறவிட்டு, முளையைச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் புளிக்க வைத்து, பின் அரித்து, சுட்ட மீனோடு வழிச்செல்வார்க்குத் தருவர். சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்துத் தேறலை அரித்து வைத்தவள் ஒரு நுளைமகள். ஆக்குபவளும் பெண், அருந்துவோரில் ஒருத்தியும் பெண்.

முளையைச் சேர்த்துப் புளிக்க வைக்கும் இம்முறையைப் படிக்கும்போது, இங்கிலாந்து நாட்டுச் சிற்றூர்களில் பார்லியை முளைகட்டி ஆக்கிய ஏல் என்னும் பானம் நினைவுக்கு வருவது இயல்பு. கடல்கள் பல கடந்த இரு நாடுகளில் தானியத்தின் முளையே கள்ளுக்கு வித்தாயிற்று. ஒப்புமை இவ்வளவில் நிற்கவில்லை. இடைக்கால இங்கிலாந்திலும் ஏல் வடிப்பது பெரும்பாலும் பெண்களின் வேலையாகவே இருந்தது. வீட்டில் வடித்து, மிஞ்சியதை வாயிலில் வைத்து விற்றவர்கள் அவர்களே. பின்னர் நெடுநாள் கெடாத பீர் பரவி, தொழில் பெரிதாகி, முதல் தேவைப்பட்டபோது அது ஆண்கள் கைக்கு மாறியது.

ஆங்கில நாட்டுப் பொதுமனை

இவ்விடத்தில் ஆங்கில நாட்டுப் 'பப்' பற்றிச் சிறிது கூறுவது பின்வரும் ஒப்பீட்டிற்கு உதவும். பொதுமனை என்னும் பொருள்படும் தொடரின் சுருக்கமே அச்சொல். தாழ்ந்த கூரை, கரிபடிந்த மர உத்தரம், குளிர்காலத்தில் எரியும் கணப்பு, வாயிலில் தொங்கும் ஓவியப் பலகை ஆகியன அதன் அடையாளங்கள். ஏல் விற்போர் வாயிலில் அடையாளம் வைத்தாக வேண்டும் என்று 1393 இல் இரண்டாம் ரிச்சர்டு மன்னர் காலத்தில் ஆணை பிறந்தது. எழுத்தறியாதாரும் கடையை அறியும்பொருட்டுச் சிங்கமும் மானும் கலப்பையும் அப்பலகைகளில் இடம்பெற்றன.

அந்நாட்டுக் கவிதையின் ஒரு பெரும் வாயில் திறந்ததும் இத்தகைய வழிமனையில்தான். சாசரின் 'கான்டர்பரிக் கதை'களில் திருத்தலப் பயணிகள் ஒன்றுகூடுவது இலண்டனை அடுத்த சதக்கில் இருந்த டபார்டு விடுதியில். அக்கூட்டத்தில் கன்னித்துறவியும் உண்டு; ஐந்து கணவரை மணந்த பாத் நகரத்துப் பெண்ணும் உண்டு. டபார்டு இன்று இல்லை. அதனருகில் 1677 இல் மீண்டும் கட்டப்பெற்ற ஜார்ஜ் விடுதி, நாட்டு மரபுச் சின்னங்களைப் பேணும் அறக்கட்டளையின் உடைமையாக, இன்றும் விடுதியாகவே நடக்கிறது.

குதிரை வண்டிகளின் காலத்தில் செழித்த பெருவழி விடுதிகள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இருப்புப்பாதை வந்ததும் வாடின. ஆயினும் சிற்றூர்ப் பொதுமனைகள் பல பிழைத்தன. மோட்டார் வண்டி வந்தபின் அவற்றுக்கு மறுவாழ்வும் கிடைத்தது. விடுமுறை நாளில் கணவனும் மனைவியும் காலையில் புறப்பட்டு, வயல்வரப்பில் நடந்து, ஒரு பழைய பொதுமனையில் பகலுணவு உண்டு, ஒரு குவளை ஏல் அருந்தி, பொழுது சாயுமுன் வீடு திரும்புவது அந்நாட்டு நடுத்தரக் குடும்பத்தாரின் எளிய இன்பங்களுள் ஒன்று. பழைய முறையில் வடிக்கும் ஏலைக் காக்க 1971 இல் நுகர்வோரே ஓர் இயக்கம் தொடங்கினர். அண்மைப் பதிற்றாண்டுகளில் மிகப் பல பொதுமனைகள் மூடப்பட்டுவிட்டன என்றாலும், மூடப்படும்போது ஊர் கூடி வருந்துகிறது. சில இடங்களில் ஊராரே பங்கு சேர்த்து வாங்கி நடத்துகின்றனர்.

அங்கும் பெண்ணுக்கு எல்லாம் எளிதாகக் கிடைத்துவிடவில்லை. இலண்டன் ஃபிளீட் தெருவில் இதழாளர் கூடும் ஒரு மதுவகத்தில், பெண்கள் பரிமாறும் மேடையருகே நின்று கேட்டுப் பெறுதல் கூடாது, பின்னறையில் அமர்ந்தே பெறுதல் வேண்டும் என்ற வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அது பாலின வேற்றுமைத் தடைச் சட்டத்துக்கு மாறானது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1982 இல்தான். பொதுமனை என்னும் சொல்லில் உள்ள 'பொது' பெண்ணையும் குறிப்பதற்கு வழக்காட வேண்டியிருந்தது.

கற்படுக்கையும் முப்பிரி வழியும்

இனி நம் வழிக்குத் திரும்புவோம். சித்தன்னவாசல் என்றதும் ஓவியமே பேசப்படும். அதே குன்றின் கிழக்குச் சரிவில், ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளத்தில், 17 கற்படுக்கைகள் உள்ளன. வழவழப்பாகத் தேய்த்து, தலைமாட்டில் திண்டு போல உயர்த்திச் செதுக்கியவை. அவற்றுள் ஒன்றைச் சார்ந்த தமிழிக் கல்வெட்டு கி.மு. முதல் நூற்றாண்டினது என அறிஞர் கருதுவர். எருமைநாட்டுக் குமுழூரிற் பிறந்த ஒருவருக்குச் சிறுபொசில் இளையர் செய்தளித்த இருக்கை அது என்று அக்கல்வெட்டு கூறுகிறது. எருமைநாடு இன்றைய மைசூர்ப் பகுதி. நம் மாவட்டத்தின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்று, தொலைநாட்டிலிருந்து வந்த ஒருவர் படுக்க இடம் தந்த செய்தியாக அமைந்திருப்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது. ஆயினும் அது துறவிக்குரிய படுக்கை. துணையோடு வருவோர்க்கு உரியதன்று.

துணையோடு வந்தோரை நாம் சிலப்பதிகாரத்தில் காண்கிறோம். புகாரிலிருந்து மதுரை செல்லும் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மாங்காட்டு மறையவனைச் சந்திக்கின்றனர். கொடும்பையின் பெரிய குளத்தை அடுத்து வழி மூன்றாகப் பிரிவதை, சிவபெருமானின் சூலத்துக்கு ஒப்பிட்டு, அவன் விரித்துரைக்கிறான். வலப்புற வழி சிறுமலையையும் இடப்புற வழி திருமால்குன்றத்தையும் ஒட்டிச் செல்வன. கொடும்பை என்பது நம் கொடும்பாளூரே. தமிழிலக்கியத்தின் மிகப் புகழ்பெற்ற இணையர் நம் மாவட்டத்து மண்ணை மிதித்துச் சென்றனர்.

அவ்வழியில் அவர்களுக்குத் தங்க என்ன இருந்தது? கண்ணகியின் சீறடிகள் கன்றியபோது, எயினர் வாழ்பதியில் ஐயை கோட்டத்தின் ஒருபுறத்தில்தான் அவர்கள் இளைப்பாறினர். மதுரைப் புறஞ்சேரியில் மாதரி என்னும் ஆயர்குலப் பெண் இடம் தந்தாள். பெண்தெய்வத்தின் கோயிலும் ஓர் எளிய பெண்ணின் இல்லமுமே அவ்விணையர்க்குக் கிடைத்த வழித்தங்கல்கள். இக்காப்பியத்தோடு இணைத்துப் பேசப்படும் மணிமேகலையிலும் புகார் நகரத்து உலக அறவியில் அமுதசுரபி ஏந்தி வந்தார்க்கெல்லாம் உணவளிப்பவள் பெண்ணே. மாதவி மகளுக்கு அரசமாளிகையினும் பெரிய இடத்தைக் காப்பியப் புலவர் ஓர் அம்பலத்தில் அமைத்தார்.

கொடும்பாளூர் பிற்காலத்தில் இருக்குவேளிரின் தலைநகராகவும், மணிகிராமத்தார் என்னும் வணிகக் குழுவினரின் ஊராகவும் சிறந்தது. பூதி விக்கிரமகேசரி எடுப்பித்த மூவர் கோயிலில் மூன்று கருவறைகள்; ஒன்று அவன் பெயரால், ஏனைய இரண்டும் கற்றளி, வரகுணை என்னும் அவன் தேவியர் பெயரால் எழுந்தன. அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு, மதுரையைச் சேர்ந்த மல்லிகார்ச்சுனர் என்னும் காளாமுகத் துறவிக்கு ஒரு பெரிய மடத்தை அளித்து, 50 துறவியர் உண்பதற்காக 11 ஊர்களை மன்னன் வழங்கியதையும் கூறுகிறது. முச்சந்தியில் அமைந்த பெரிய உணவுச்சாலை என்று அதனைக் கருதலாம். தேவியர் பெயரில் கோயில் எழுந்தது. துறவியர் பெயரில் அடுப்பு எரிந்தது. குடும்பத்தோடு வழிவந்தார்க்கு அங்கே என்ன கிடைத்தது என்பதைக் கல்வெட்டு பேசவில்லை.

பெண் பெயரில் எழுந்த சத்திரங்கள்

குடும்பத்தோடு வருவார்க்கும், தனியே வரும் பெண்ணுக்கும், இடம் உண்டு என்பதை ஐயமின்றிக் காட்டும் சான்று தஞ்சை மராத்தியர் காலத்திலிருந்து கிடைக்கிறது. சேதுவுக்குச் செல்லும் பயணிகளுக்காக அவர்கள் கட்டிய சத்திரங்களின் பெயர்களைப் பார்க்க வேண்டும். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம். ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம். இராசாமடத்தில் மோகனாம்பாள் சத்திரம். மணமேல்குடியில் திரௌபதாம்பாள் சத்திரம். மீமிசலில் இராசகுமாராம்பாள் சத்திரம். பின்னவை இரண்டும் இன்று நம் மாவட்டத்தின் கடற்கரைப் பகுதியில் உள்ளவை. அறந்தாங்கிப் பகுதி தஞ்சை மாவட்டத்திலிருந்து பிரிந்து, 1974 இல் உருவான புதுக்கோட்டை மாவட்டத்தில் சேர்ந்ததால் அவை நம்முடையவையாயின.

இச்சத்திரங்களில் ஒன்றன் தோற்றம் நெஞ்சைத் தொடுவது. இரண்டாம் சரபோசி மன்னரின் அன்புக்குரியவராய் இருந்த முக்தாம்பாள், தம் இறுதிக் காலத்தில், தம் பெயரால் ஓர் அன்னசத்திரம் அமைக்குமாறு வேண்டினார் என்பர். 1802 இல் அச்சத்திரம் எழுந்தது. பட்டத்தரசியாக முடிசூடாத ஒரு பெண்ணின் பெயர், வழிப்போக்கர் பசியாறிய கூடத்தில் நிலைத்தது.

அதற்கு முந்திய ஆண்டு, 1801 இல், சரபோசி மன்னர் ஆங்கிலேய ரெசிடென்டு பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய மடல், தமிழகத்து வழித்தங்கல் வரலாற்றின் அரிய ஆவணம். 1799 இல் தஞ்சை நாட்டின் ஆட்சி கும்பினியார் கைக்குச் சென்றிருந்தது. சத்திர நிலங்களும் போய்விடுமோ என்ற கவலையில் மன்னர் அங்கு நடைபெறும் அறங்களை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். எல்லா நாட்டிலிருந்தும் வருவோர்க்கு உணவு, நள்ளிரவில் மணியடித்து, உண்ணாதார் எவரேனும் இருப்பின் அழைத்து இடுதல், நோயுற்றார்க்கு மருத்துவம், தாயற்ற குழந்தைக்குப் பால், கருவுற்று வந்த பெண் அங்கேயே மகப்பேறு அடைந்தால் அதற்குரிய செலவும் மருந்தும், மகப்பேற்றுக்குப்பின் மூன்று மாதம் வரை தங்க இசைவு. ஆட்சியை இழந்த மன்னர் ஒருவர், அயலாட்சியாளரிடம் வாதாடிக் காக்க முயன்றவற்றுள் மகப்பேறுற்ற வழிப்போக்குப் பெண்ணின் மூன்று மாதமும் ஒன்று. இதனினும் சிறந்த சாசனத்தைக் கல்லிலும் செம்பிலும் தேடிக் காண்பது அரிது.

புதுக்கோட்டைத் தொண்டைமான்களும் அன்னமிடும் மரபைப் போற்றினர். நவராத்திரி நாள்களில் அரிசியோடு அம்மன் காசும் வழங்கப்பெற்றமை நாம் அறிந்ததே. பிரகதாம்பாள் திருவுருவம் பொறித்த அச்சிறு செப்புக் காசு ஓர் அணாவுக்கு இருபது. கொடையின் நாணயத்திலும் ஒரு தாயின் உருவமே பதிந்தது. ஆளுருட்டிமலையை அடுத்த அம்மாசத்திரம் போல, நம் ஊர்ப்பெயர்கள் சிலவற்றிலும் சத்திரம் இன்றளவும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆங்கிலப் பொதுமனைக்கும் நம் சத்திரத்துக்கும் உள்ள அடிப்படை வேற்றுமையை இங்கே குறிக்க வேண்டும். பொதுமனை வாணிகம், காசுள்ளவர் யாவரும் நுழையலாம். சத்திரம் அறம், காசில்லாதவரும் நுழையலாம். ஆனால் சாதி அங்கே கதவாய் நின்றது. பந்தி வேறு, பாத்திரம் வேறு, சமையல் வேறு. சில சத்திரங்கள் ஒரு சாதியார்க்கே சோறிட்டன. இளமையில் காசிக்குச் சென்ற பெரியார், தமிழக வணிகர் ஒருவர் பொருளால் எழுந்த சத்திரத்திலேயே பார்ப்பனர் அல்லாதார் என்பதால் உணவு மறுக்கப்பட்ட செய்தியை அவர்தம் வாழ்க்கை வரலாற்று நூல்கள் கூறும். அந்த வாயிலில் பட்ட பசி பின்னாளில் பேரியக்கமாயிற்று. சத்திரத்தைப் போற்றும்போது இதனை மறைப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது.

சுமைதாங்கி

சாதி பாராமல் எல்லார்க்கும் பயன்பட்ட வழித்தங்கல் ஒன்று உண்டு. அதற்குக் கூரை இல்லை, சமையற்காரர் இல்லை, மானியமும் இல்லை. அதுதான் சுமைதாங்கி. நட்ட கற்கள் இரண்டு. அவற்றின்மேல் கிடத்திய கல் ஒன்று. தலைச்சுமையோடு வருபவர் பிறர் துணையின்றிச் சுமையை இறக்கவும், இளைப்பாறியபின் மீண்டும் தலையில் ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரத்தில் அது அமையும். விறகுக்கட்டும் நெல்மூட்டையும் மோர்ப்பானையும் அதில் இறங்கின. அருகில் ஒரு மரமும் கேணியும் இருந்தால் அதுவே ஒரு சிறு சத்திரம்.

இக்கல்லை யாருக்காக நட்டார்கள் என்பதை இளைய தலைமுறையினர் பலர் அறியார். கருவுற்ற நிலையில், பிள்ளையை ஈன்றெடுக்காமலே இறந்துபட்ட பெண்ணின் நினைவாக அதனை நடுவது தமிழகத்து வழக்கம். அவள் இறக்கிவைக்க முடியாத சுமையை எண்ணி, வழிச்செல்வோர் சுமையை இறக்க ஒரு கல். அதில் வழிப்போக்கர் இறக்கும் ஒவ்வொரு சுமையும் அவளுக்கு ஆறுதலாகும் என்று குடும்பத்தார் நம்பினர். போரில் பட்ட ஆணுக்கு நடுகல். மகப்பேற்றில் பட்ட பெண்ணுக்குச் சுமைதாங்கி. நடுகல்லுக்குப் புறப்பாடல்கள் உள. சுமைதாங்கிக்கு நம் கவிஞர் இன்னும் கடன்பட்டிருக்கின்றனர்.

சத்திரத்தின் பெயரையும், மடலில் கண்ட மூன்று மாதத்தையும், இக்கல்லையும் சேர்த்து நோக்கினால் ஓர் உண்மை பெறப்படுகிறது. தமிழக வழித்தங்கலின் வரலாற்றில் பெண் விருந்தினளாக மட்டும் இல்லை. அதற்குப் பெயரும் காரணமுமாக இருந்திருக்கிறாள்.

வழி மாறிய காலம்

நடைவழி இருந்தவரை, ஒரு பகல் நடைக்கு ஓர் இடம் என்னும் கணக்கில் சத்திரங்கள் வாழ்ந்தன. 1914 இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. சேதுப் பயணிகள் இருப்புப்பாதைக்கு மாறினர். புதுக்கோட்டைக்கு 1929 இல் இருப்புப்பாதை வந்தது. பின்னர் பேருந்து வந்தது. ஐந்து நாள் வழி அரை நாளாகச் சுருங்கியது. தங்குவார் இல்லாத இடத்தில் சத்திரம் பள்ளியாகவும் அலுவலகமாகவும் மாறியது, அல்லது இடிந்தது. இங்கிலாந்தில் இருப்புப்பாதையால் வாடிய வழிமனைகளை மோட்டார் வண்டி மீட்டது என்று முன்னர்க் கூறினேன். இங்கே அவ்வாறு நிகழவில்லை. வாணிகமாயிருந்தால் புதிய வாடிக்கையாளரைத் தேடியிருக்கும். மானியத்தால் வாழ்ந்த அறமாதலின், பயன் கொள்வார் போனபின் அதனை மீண்டும் எழுப்ப எவருக்கும் ஊதியம் இல்லை.

கள்ளின் வரலாறு வேறு திசையில் சென்றது. 1948 மார்ச்சுத் திங்களில் புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. அவ்வாண்டிலேயே சென்னை மாகாணம் முழுதும் மதுவிலக்கு வந்தது. 1971 இல் விலக்கு தளர்ந்தது. 1974 இல் மீண்டும் வந்தது. 1983 இல் அரசின் வாணிபக் கழகம் தோன்றியது. 1987 முதல் கள்ளுக்குத் தடை. 2003 இறுதியில் சில்லறை விற்பனையும் அரசுக் கழகத்தின் கைக்கு வந்தது. நுளைமகள் அரித்த தேறல், கம்பிக்கதவின் துளை வழியே கைநீட்டி வாங்கும் புட்டியாயிற்று. அண்டை மாநிலமான கேரளத்தில் கள்ளுக்கடைகள் சிலவற்றுக்குக் குடும்பத்தோடு சென்று மீனும் மரவள்ளியும் உண்டு வருவோர் உளர். நம் வழியோரக் கடைகளில் பெண் காலடி வைக்க இயலாது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 இல் தீர்ப்பளித்தபின், 2017 இல் கடைகளை ஊருக்குள் மாற்ற முனைந்தபோது தமிழகமெங்கும் பெண்களே வீதிக்கு வந்து மறித்தனர். குடியால் குடும்பம் சிதைவதைக் கண்டவர்களின் சீற்றம் அது. அதில் இன்னொரு செய்தியும் உண்டு. தனக்கு இடமில்லாத ஓர் இடம் தன் தெருவுக்கு வருவதைப் பெண் ஏன் ஏற்க வேண்டும்?

மதுவை மீட்பது இக்கட்டுரையின் கருத்தன்று. இழந்தது மதுவன்று, இடம். இதனை நூல்களில் மட்டும் நான் அறிந்திலேன். விடுமுறை நாள்களில் நானும் என் கணவரும் காலையில் புறப்பட்டு இரவுக்குள் திரும்புமாறு இப்பழைய வழிகளில் சென்று வருவது வழக்கம். ஒரு நாள் ஏழடிப்பட்டம். ஒரு நாள் கொடும்பாளூர். ஒரு நாள் மணமேல்குடி, மீமிசல் கடற்கரை. கற்படுக்கைகளின் குளிர்ச்சியை வைகாசி வெயிலிலும் உணரலாம். ஆனால் அங்குச் செல்லும் வழியில் என் கணவர் எந்தத் தேநீர்க் கடையிலும் எந்த மரத்தடியிலும் இறங்கிக்கொள்கிறார். நான் இறங்கத்தக்க இடம் எதுவெனப் பார்த்துக்கொண்டே வண்டி செல்கிறது. பூட்டிக் கிடக்கும் ஒரு கழிப்பறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரிப்பதில் அரைமணி போகிறது. வீட்டிலிருந்து புறப்படும்போதே தண்ணீர் குறைவாகக் குடித்துவிட்டுப் புறப்படும் பழக்கம் என்னோடு பணிபுரியும் பெண்கள் அனைவர்க்கும் உண்டு. 1801 இல் கருவுற்ற வழிப்போக்குப் பெண்ணுக்கு மூன்று மாதம் இடம் இருந்தது. அவ்வழியிலேயே இன்று ஒரு பெண் கால்மணி நேரம் தங்க இடம் தேடுகிறாள். வழி அகலமாயிற்று, விரைவாயிற்று, அவளுக்கு உரியதாகவில்லை.

மலரைப் படிப்பார்க்கு ஒரு வேண்டுகோள்

பத்தாண்டு நிறைவு காணும் இவ்விலக்கிய வட்டத்தின் உறுப்பினர் பெரும்பாலோர் இம்மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து வருபவர்கள். உங்கள் ஊர் எல்லையில் ஒரு சுமைதாங்கி இருக்கலாம். பெயர் மட்டும் எஞ்சிய ஒரு சத்திரத் திடல் இருக்கலாம். கோடையில் தண்ணீர்ப்பந்தல் போட்ட குடும்பம் இருக்கலாம். அவை யார் நினைவாக எழுந்தன என்பதை அறிந்த முதியோர் இன்னும் சிலர் உளர். அவர்களைக் கண்டு கேட்டு எழுதி வைப்பது வட்டத்தின் அடுத்த பத்தாண்டுப் பணிகளுள் ஒன்றாகலாம். சாலையை அகலப்படுத்தும்போது இடையூறென்று பெயர்த்தெறியப்படும் சுமைதாங்கியை, பத்தடி தள்ளியேனும் நட்டு வைக்குமாறு ஊராட்சியிடம் கேட்பதற்குப் பெரிய ஆய்வறிவு வேண்டுவதில்லை. அது ஒரு பெண்ணின் கல்லறை என்று எடுத்துச்சொன்னால் போதும்.

கவிஞர்களிடம் கேட்பது இன்னும் சிறிது கூடுதல். ஆற்றுப்படை என்பது வள்ளலைப் புகழும் துறை என்றே எண்ணி, வள்ளல் இல்லாத காலத்தில் அதற்கு வேலை இல்லை என்று விட்டுவிட்டோம். வழி சொல்வதே அதன் தொழில். எந்த ஊரில் நிழல் உண்டு, எந்த வீட்டில் தண்ணீர் தருவர், எந்த இடத்தில் விறலி தன் நொந்த காலை நீட்டி அமரலாம் என்று, போய்வந்தவர் போகிறவர்க்குச் சொன்ன பாட்டு அது. கொடும்பாளூர்க் குளக்கரையில் நின்று, மதுரைக்கும் திருச்சிக்கும் மீமிசலுக்கும் இன்று ஒரு பெண் எவ்வழியாகப் போகலாம் என்று ஒரு புதிய ஆற்றுப்படை எழுதிப் பாருங்கள். வழியில் சொல்வதற்கு ஓர் இடமும் இல்லையென்றால், அதனையும் எழுதுங்கள்.